துணைப் புரதமும் மூன்றாம் மதிப்பீட்டாளரும்

ஜூன் 2, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது, நடந்ததைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. மூன்று விதிகளையும் மீறுவதற்காக தில்லைநகரில் இந்த நோட்டை வாங்கினேன்.

இன்று பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கட்டுரையை மூன்று பேர் மதிப்பிட்டிருக்கிறார்கள். முதலாமவர் நன்று என்கிறார். படித்ததற்கான அறிகுறி இல்லை. இரண்டாமவர், ஒரு குறிப்பிட்ட பெல்ஜிய அறிஞரின் ஒன்பது கட்டுரைகளை நாங்கள் மேற்கோள் காட்டவில்லை என்று வருந்துகிறார். பெயரை மறைத்து ஆளைச் சொல்லிவிட்டார். மூன்றாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் படித்திருக்கிறார்.

கட்டுரை ஒரு பொட்டாசியம் சேனலைப் பற்றியது. செல்லின் சவ்வில் இருக்கும் சின்ன வாசல். செல் பரபரப்பாகும்போது உள்ளே கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் இந்த வாசல் திறக்கும், பொட்டாசியம் வெளியேறும், செல் அடங்கும். அடங்கியதும் கால்சியம் இறங்கும், வாசலும் மூடிக்கொள்ளும். பிரச்சினை வந்தவுடன் திறந்து, தீர்ந்தவுடன் மூடுகிற அலுவலகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கள் கண்டுபிடிப்பு இது: சேனலோடு ஒரு துணைப் புரதம் ஒட்டிக்கொண்டால், வழக்கமான கால்சியத்தில் பத்தில் ஒரு பங்குக்கே அது திறந்துவிடுகிறது. தனியாக இருக்கும் சேனல் மந்தம். துணையோடு இருப்பது சுறுசுறுப்பு. தனிச் சேனலின் அளவீடுகளை சுகிர்தா மூன்று வருடத்துக்கு முன் எடுத்தாள். துணையோடு இருப்பதை நான் போன வருடம் எடுத்தேன். மூன்றாமவர் கேட்கிறார்: இரண்டையும் ஒரே ஆள், ஒரே வாரத்தில், ஒரே கரைசலில் எடுத்துக் காட்ட முடியுமா?

முடியும். நாலு நாள் வேலை. தொண்ணூறு நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள்.

என் ஒப்பந்தம் ஆகஸ்ட் 31இல் முடிகிறது. கட்டுரை வந்தால் இரண்டு வருடம் நீட்டிப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் தரவில்லை.

சுகிர்தா என் மனைவி. ஜனவரி முதல் அகமதாபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை. திருச்சியிலிருந்து தினமும் போய்வரத் தூரம் என்பதால் அங்கேயே தங்கியிருக்கிறாள்.

ஜூன் 5, வியாழன்

பிப்ரவரியில் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, வியாழக்கிழமை நாலு மணிக்குக் கட்டுரையைப் பற்றி மட்டும் பேசலாம். ஏற்பாட்டைச் சொன்னது சுகிர்தா. நியாயம் என்று சொன்னது நான்.

“லெட்டர் பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன். ரெண்டாவது ஆள் அந்த பெல்ஜியம் பெரியவர்தான்.”

“அவரை விடு. மூணாவது ஆள் கேக்குறது நியாயம்.”

“நாலு நாள் வேலை.”

“உனக்கு நாலு நாளா? பாத்ரூம் பல்பு மாத்த எட்டு மாசம் எடுத்த ஆளு நீ.”

“அது ஹோல்டர் பிரச்சினை.”

“கட்டுரையப் பத்தி மட்டும் பேசுவோம்” என்றாள்.

“பல்பை ஆரம்பிச்சது நீ.”

பேசியது பதினோரு நிமிடம்.

ஜூன் 9, திங்கள்

பக்கத்தில் புதிய கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். மேசை அதிர்கிறது. ஒரு செல்லும் கண்ணாடியில் ஒட்டவில்லை. கட்டடம் எங்கள் ஆய்வுகளை விரிவுபடுத்துவதற்காகவாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறன்று தோண்ட மாட்டார்கள், லிஃப்டும் ஓடாது. காலை எட்டுக்கே போய்விட்டேன்.

இந்த வேலையில் ஒரு பகுதி வாயால் செய்வது. முடியைவிட மெல்லிய கண்ணாடி முனையைச் செல்லின் மேல் வைத்து, ஒரு குழாய் வழியாக மெதுவாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முனையைப் பின்னால் இழுத்தால் சவ்வின் ஒரு துணுக்கு கிழிந்து கூடவே வரும். அதன் உள்பக்கத்தில் நாம் விரும்பிய அளவு கால்சியத்தை ஓடவிட்டு, சேனல் திறப்பதைத் திரையில் எண்ணலாம். உறிஞ்சும் குழாயின் வாய்முனை ஆளுக்கு ஒன்று, அடுத்தவருடையதைத் தொடுவதில்லை. சுகிர்தாவின் வாய்முனை இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. எடுத்துவிட்டால் எடை மாறி மேசை ஆடலாம் என்பதால் நான் எடுக்கவில்லை.

என் கரைசலிலேயே தனிச் சேனலை அளந்தேன். மந்தமாக இருக்க வேண்டியது மந்தமாக இல்லை. துணையோடு இருக்கும் சேனலைப் போலவே சொற்பக் கால்சியத்துக்குத் திறந்தது. ஒன்பதில் ஒன்பது முறை.

கண்ணாடி அழுக்காக இருந்திருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

லூர்து அக்கா எங்கள் தளத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவர். இருபத்திரண்டு வருட அனுபவம். நான்கு இயக்குநர்களை வழியனுப்பியிருக்கிறார்.

“சார், கண்ணாடி அழுக்குன்னு போர்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே?”

“சந்தேகம்தான் அக்கா.”

“மூணு தடவ ஆசிட்டு, ஆறு தடவ தண்ணி. பெத்த புள்ளைங்களக்கூட நான் அப்புடிக் குளிப்பாட்டுனதில்ல. அழுக்கு வேற எங்கயாச்சும் இருக்கும், தேடுங்க.”

“தேடுறேன்.”

“இன்னொண்ணு. வியாழக்கிழமை மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வர்றீங்களே. போன்ல இஸ்திரி தெரியுமா?”

“வீடியோ கால் அக்கா.”

“அப்பச் சரி. தலையையும் சீவுங்க.”

வியாழனன்று இஸ்திரிச் சட்டை போடுவது தற்செயலானது. இஸ்திரிக்காரர் புதன்கிழமைதான் வருகிறார்.

ஜூன் 19, வியாழன்

“எத்தனை ஆச்சு?” என்று கேட்டாள். “கண்ணாடி சரியில்ல” என்றேன். “லூர்து அக்கா கழுவுன கண்ணாடியா?” என்றாள். பேச்சை மாற்றினேன். பதினான்கு நிமிடம்.

ஜூன் 22, ஞாயிறு

அழுக்கு கண்டுபிடிக்கப்பட்டது.

கரைசலில் கால்சியத்தின் அளவைக் கட்டுக்குள் வைக்க ஈஜிடிஏ என்ற பொருளைச் சேர்ப்போம். அது கால்சியத்தின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கணக்குப்படி கொஞ்சத்தை மட்டும் வெளியே விடும். ஆனால் கால்சியத்தைப் பிடிக்கும்போதெல்லாம் அமிலத்தை விடும். கரைசல் புளிக்கும், பிஎச் குறையும். புளித்தால் அதன் பிடி தளர்ந்து கால்சியம் கூடுதலாக வெளியே வரும். ஆகவே கால்சியம் போட்ட பிறகு பிஎச்சை மறுபடி பார்த்து 7.2க்குக் கொண்டுவர வேண்டும். இது எம்.எஸ்சி. பாடம். நானே இரண்டு வருடம் நடத்தியிருக்கிறேன்.

என் பாட்டிலில் மீட்டரை நனைத்தேன். 6.7. அரைப் புள்ளிதான் குறைவு. இந்தக் கணக்கில் அரைப் புள்ளி குறைந்தால் கால்சியம் பத்து மடங்கு கூடும். எங்கள் கண்டுபிடிப்பும் சரியாகப் பத்து மடங்கு.

உறைபெட்டியின் அடியில் சுகிர்தா மூன்று வருடத்துக்கு முன் எடுத்து வைத்த கரைசல் கொஞ்சம் இருந்தது. உருக்கிப் பார்த்தேன். 7.2.

அவள் குறிப்பேட்டில் ‘பிஎச் 7.2, பிறகு கால்சியம்’ என்று இருக்கிறது. அதற்குமேல் இல்லை. நான் எழுத்துக்கு எழுத்து அதன்படி செய்தேன். ஆனால் அவள் கால்சியம் போட்ட பிறகும் மீட்டரை நனைத்து, சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டுக்கொண்டு நிற்பாள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். பாடுவதற்காக நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் நான் முதல்முறையாக இந்தக் கரைசலைத் தயாரித்தபோது அவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இதற்கப்புறம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்போது நாங்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் வழக்கத்தை விட்டிருந்தோம். சாப்பாடு தயார் என்பதை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பிய காலம்.

ஆக, துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேனலுக்கு வித்தியாசம் இல்லை. உறுதிப்படுத்த மேலும் சில சோதனைகள் தேவை. அதன் பிறகு மற்றவர்களிடம் சொல்வதே முறை.

ஜூன் 26, வியாழன்

சொல்லவில்லை. சோதனைகள் முடியவில்லை. தொடங்கவும் இல்லை. இருபத்துமூன்று நிமிடம்.

ஜூன் 29, ஞாயிறு

கரைசலைச் சரியாகச் செய்து அளந்தேன். தனிச் சேனல் ஆறு, துணையோடு ஆறு. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன. இவ்வளவு துல்லியமாக நான் இதுவரை எதையும் அளந்ததில்லை.

இருந்தாலும் அவசரப்படக் கூடாது.

ஜூலை 5, சனி

பால்காரரிடம் கால் லிட்டர் போடச் சொன்னேன். அரை லிட்டருக்குக் குறைந்து பாக்கெட் இல்லையாம். மீதத்தை உறை ஊற்றுகிறேன். வீட்டில் தயிர் நிறைய இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

முடிவுரையின் ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இது மூன்றாவது வியாழன்.

“‘அதிகரிக்கிறது’ வேண்டாம். ‘அதிகரிக்கக்கூடும்’னு போடு.”

“போன வாரம் நீதானே ‘அதிகரிக்கிறது’ன்னு மாத்துன?”

“அதுக்கு முந்தின வாரம் நீ மாத்துனதை மாத்துனேன்.”

“அப்ப திரும்ப ‘கூடும்’ போடட்டா?”

“போடு. அடுத்த வாரம் எப்படித் தோணுதுன்னு பாப்போம்.”

பிறகு பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாளைப் பற்றிச் சொன்னாள். “பருப்புல வெல்லம் போடுறாங்க. முதல் மாசம் வாயிலயே வைக்க முடியல. இப்ப நானே போட்டுக்குறேன்.”

“வெல்லமா? நீயா?”

“ஆமா. உங்க அம்மாகிட்டச் சொல்லிடாத.”

இது கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது என்று நான் சுட்டிக்காட்டவில்லை. நாற்பத்தொரு நிமிடம்.

ஜூலை 14, திங்கள்

பேராசிரியர் அழைத்தார்.

“என்னங்க பூவராகன், நாலு நாள் வேலை ஆறு வாரமா ஓடுது?”

“கரைசல்ல ஒரு சந்தேகம் சார்.”

“சந்தேகம் நல்லதுதான். கட்டுரை வந்தப்புறம் வரட்டும். அந்த மூணாவது ஆளுக்கு என்ன வேணும்? ரெண்டையும் ஒரே கரைசல்ல எடுத்தீங்களான்னு கேக்குறார். எடுத்தோம்னு ஒரு வரி எழுதுங்க. திருச்சிக்கு வந்து பாட்டிலைத் திறந்தா பாக்கப் போறார்?”

“சார், அது...”

“நான் ஒண்ணும் சொல்லல. பத்திரிகைக்குத் தொடர்பாளர்னு கொடுத்திருக்கிறது உங்க பேரு. நீங்க முடிவெடுங்க. ஆகஸ்ட் முப்பத்தொண்ணு மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும்.”

இதைச் சொல்லிவிட்டு விமான நிலையம் கிளம்பினார். ஆய்வு நெறி குறித்த பயிலரங்கு ஒன்றை டில்லியில் தொடங்கிவைக்கிறார்.

ஜூலை 17, வியாழன்

ஐம்பத்திரண்டு நிமிடம். கட்டுரை பற்றி: நான்கு.

ஜூலை 21, திங்கள்

வக்கீல் அலுவலகத்திலிருந்து போன். ஆகஸ்ட் 18, காலை பத்தரை, குடும்ப நல நீதிமன்றம். பிப்ரவரியில் நானும் சுகிர்தாவும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த விவாகரத்து மனு. மனுக் கொடுக்குமுன் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரே வீட்டில் இருந்தபடியே அதை நிறைவேற்றியிருந்தோம். கொடுத்த பின் ஆறு மாதம் யோசிக்கச் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தையும் ஒரு வாக்கியத்தைத் திருத்துவதில் செலவிட்டிருக்கிறோம்.

ஜூலை 31, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலில் இருப்பவரிடம் பிஎச் பற்றிப் பேசுவது பண்பல்ல. கஷாயம் வைக்கச் சொன்னேன். மிளகு எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்க, அகமதாபாத்தில் கடை கடையாக இணையத்தில் தேடிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேராசிரியர் சொன்ன வரியை எழுதிப் பார்த்தேன். ‘இரண்டு அளவீடுகளும் ஒரே கரைசலில், ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டவை.’ நல்ல வாக்கியம். பொய் என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை.

அனுப்பினால் கட்டுரை வரும். வேலை நிலைக்கும். அச்சுப்படி திருத்த, படங்களைச் சரிபார்க்க என்று இன்னும் எட்டு வியாழக்கிழமையாவது தேவைப்படும். நடந்ததைச் சொன்னால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் அவள் என்னோடு பேச வேண்டிய அவசியமும் இல்லை.

வரியை அப்படியே பக்கத்தில் ஒட்டி, மேலே ஆசிரியர் பெயர்களையும் போட்டுப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே அந்த வரி உறுத்தவில்லை. சுகிர்தாவின் பெயருக்குக் கீழே உறுத்தியது.

அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவள் முகம் திரையில் வந்ததும் சொல்லிவிட்டேன்.

“சுகி, கரைசல் தப்பு. கால்சியம் போட்டப்புறம் நான் பிஎச் பாக்கல. 6.7ல இருந்திருக்கு. திருத்திட்டு எடுத்தா வித்தியாசமே இல்ல. நம்ம கண்டுபிடிப்பு என்னோட தப்பு, அவ்வளவுதான்.”

“எப்போ தெரியும்?”

“ஜூன் இருபத்திரண்டு.”

“ஏழு வாரமா?”

“ஆறரை.”

“இதுல மட்டும் கரெக்டா இரு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எனக்கு லெட்டர் வந்த அன்னிக்கே தோணுச்சு.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்.” பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல” என்றாள்.

போன வருடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றேன்.

“நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கால்சியத்தைப் போட்டே. மீட்டரைக் கழுவி உள்ள வச்சே. ‘டேய், இன்னொரு தடவ பாரு’ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்குக் காலைல நீ என்னை விட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. நான் பஸ்ல வந்தேன். அந்தக் கோவம். அப்புறமாப் பாத்துக்குவான்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்தும் போச்சு.”

அன்று பெட்ரோல் போட வேண்டியிருந்ததால்தான் முன்னால் போனேன். இதை இப்போது சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். அன்றும் அப்படித்தான் விட்டேன்.

“பத்திரிகைக்கு எழுதிடு. எம் பேரையும் சேர்த்துப் போடு” என்றாள்.

“எழுதி வச்சிருக்கேன்.”

“அனுப்பு. நான் இருக்கேன், இப்பவே அனுப்பு.”

அனுப்பினேன். ஒன்பது நிமிடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நேர்மைதாங்க அறிவியலுக்கு அஸ்திவாரம். பெருமையா இருக்கு.” மாலை மூன்று மணிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற கடிதம் வந்தது. லூர்து அக்காவுக்கு மூன்றரைக்குத் தெரிந்திருந்தது.

“எங்கயாச்சும் காலேஜுல பாருங்க சார். உங்களுக்கு வாத்தியார் வேலைதான் சரி. யாரு கேக்குறாங்களோ இல்லையோ, பேசிக்கிட்டே இருக்கலாம்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

நாலு மணிக்கு மேசையைத் துடைத்தேன். நாலரைக்கு மறுபடி துடைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுகிர்தா முதல் விமானத்தில் வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள், காய்ச்சலால் இருக்கலாம். எங்களுக்கு முன் இருந்த தம்பதி ஒரு பீரோவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லாததில் வக்கீலுக்கு ஏமாற்றம்.

சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். இரண்டு அளவீடுகளும் ஒரே நாளில், ஒரே சூழ்நிலையில் எடுக்கப்பட்டவை. ஆறு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே பழச்சாறுக் கடையில் நின்றோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

“வேலை என்னாச்சு?”

“முடிஞ்சிருச்சு.”

“தெரியும். லூர்து அக்கா போன் பண்ணுச்சு.” உறிஞ்சுகுழலால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தாள். “கட்டுரையும் போச்சு. இனிமே வியாழக்கிழமை கிடையாது.”

“கிடையாது.”

“நல்லதுதான். நாலு மணிக்கு எங்களுக்கு மீட்டிங். வாராவாரம் நடுவுல எந்திரிச்சுப் போவேன். ஆறு மாசமா எனக்கு ஏதோ பெரிய வியாதின்னு மேனேஜர் நெனச்சுக்கிட்டு இருக்கார்.”

ஆட்டோ வந்தது. பையை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநரிடம் விமான நிலையம் என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை காலைல நான் சும்மாதான் இருப்பேன்.”

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏழு மணியிலிருந்து பேச ஒரு விஷயம் தேடினேன். வேலை போனது அவளுக்குத் தெரியும். வீட்டில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. நடத்த ஆளும் இல்லை. செய்தித்தாளில் வந்ததைச் சொல்லலாம் என்றால் அகமதாபாத்திலும் செய்தித்தாள் வருகிறது. ஒரு தாளில் மூன்று தலைப்புகளை எழுதி மூன்றையும் அடித்தேன். சட்டப்படி நாங்கள் இப்போது ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. யாரும் இல்லாத ஒருவரைக் காலை பத்து மணிக்கு எந்தக் காரணமும் இல்லாமல் கூப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை.

பத்தேகாலுக்குக் கூப்பிட்டேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

“சொல்லு.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“பரவால்ல” என்றாள். “சொல்லு.”